சேகர் வந்துட்டுப் போனாரு

பெண்டாட்டிக்குப் புரியாத ஒரு பாஷை தனக்கு அவசரமாக வேண்டும் என்று தேவநாதன் தீர்மானித்ததற்குக் காரணம் ஓர் ஆட்டுக்கால்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. விருத்தாசலத்து ஜாடி கம்பெனி ஒன்றில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிற வேலை அவனுக்கு. அனலில் நின்று நின்று ஏற்கெனவே பாதி வெந்த உடம்பு. காமாலை வந்து மீதியையும் வேகவைத்தது. நாற்பது நாள் படுக்கை. சொர்ணாம்பாள் கீழாநெல்லியை அரைத்து அரைத்து அம்மியே பச்சையாகிப் போனது. அதோடு விட்டிருக்கலாம். மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பரிடம் வேண்டிக்கொண்டும் வந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு எழுந்து நடமாடினாப் போதும் சாமி. மூணு வருஷத்துக்கு அவரு கவிச்சியக் கையால தொடமாட்டாரு."

வேண்டிக்கொண்டது அவள். தொடக்கூடாதது இவன்.

உடம்பு தேறியது. நாக்கு தேறவில்லை. சாம்பாரைப் பார்த்தால் காமாலையே திரும்பி வந்து தட்டில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கத்தரிக்காய், அவரைக்காய், மறுபடியும் கத்தரிக்காய். கனவில் கோழி வந்தது. வந்த கோழியும் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த வீட்டில் பக்கிரி இருந்தான். அதே கம்பெனியில் மண்குழம்பை அச்சில் ஊற்றுகிறவன். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர். ஒரு சனிக்கிழமை மதியம் பக்கிரி அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கூப்பிட்டான்.

"யோவ் தேவநாதா! ஜங்ஷனுக்குப் பின்னால பாய் கடையில ஆட்டுக்கால் பாயா போட்டுருக்காரு. ஆப்பம் சுடச்சுட. வரியா?"

தேவநாதன் வாயைத் திறப்பதற்குள் சொர்ணாம்பாள் வந்து நின்றாள். கையில் துடைப்பம்கூட இல்லை. வெறுங்கைதான். அதுவே போதுமானதாக இருந்தது.

"என்னாண்ணே, பாயாவா?"

"இல்லம்மா... பாயி... பாயி வாங்கலாம்னு. கோரப்பாயி."

"கோரப்பாயிக்கு ஆப்பம் எதுக்குண்ணே?"

பக்கிரி சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து ஒரு வாரம் தேவநாதனுக்குக் கஞ்சி. தொட்டுக்கொள்ள உபதேசம்.

திங்கட்கிழமை சூளை வாசலில் இருவரும் கூடினார்கள். தேவநாதன் அழுகிற நிலையில் இருந்தான். பக்கிரிதான் தைரியம் சொன்னான்.

"நமக்குன்னு ஒரு பாஷை இருக்குதேய்யா. கம்பெனிக்குள்ள நாம பேசறது வெளியில எவளுக்குப் புரியும்?"

அது உண்மைதான். ஜாடி கம்பெனிக்கென்று ஒரு பேச்சு இருந்தது. ஜாடிக்கு மேலே பூசுகிற பளபளப்புக்குக் கிளேசு என்று பெயர். பூசிவிட்டால் அடியில் இருக்கிற மண் தெரியாது. அதனால் யாராவது பொய் சொன்னால், "நல்லாக் கிளேசு அடிக்கறான்யா" என்பார்கள். சுடாத ஜாடி பச்சை. அதனால் முடிவாகாத காரியமெல்லாம் பச்சை. சூளைக்குள் விரல் உயரத்துக்குக் கோன் என்று ஒன்றை நட்டு வைப்பார்கள். சூடு முழுசாக ஏறியதும் அது தலையைச் சாய்க்கும். அதனால் மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறினால், "கோனு சாஞ்சுடுச்சுடா, ஓடு" என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சாகர். நெருப்பு மண்ணில் செய்த மூடி போட்ட பெட்டி அது. ஜாடியை அதற்குள் வைத்து மூடித்தான் சூளையில் அடுக்குவார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அந்தச் சாகர் யார் வாயில் விழுந்து எழுந்ததோ, கம்பெனி முழுக்க அதைச் சேகர் என்றுதான் சொன்னார்கள்.

பாய் கடைக்கும் ஜன்னல் கிடையாது. வாசலில் கோணிச் சாக்குத் திரை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் யார் என்று வெளியே தெரியாது.

"அப்ப அது சேகரு," என்றான் பக்கிரி.

அந்த வாரமே பாஷை கொல்லைப்புறத்துக்கு வந்தது.

"சூளை எப்படி இருக்குது?" என்று சுவருக்கு அப்பாலிருந்து பக்கிரி கேட்பான்.

தேவநாதன் திரும்பிப் பார்ப்பான். சொர்ணாம்பாள் மாவாட்டிக்கொண்டிருப்பாள்.

"அனல் கொஞ்சம் இருக்குது. கோனு சாயல."

"சேகரைப் பாக்கலாமா?"

"இன்னும் பச்சைதான். கிளேசு அடிச்சுட்டு வரேன்."

சொர்ணாம்பாள் மாவை வழித்துப் போட்டுக்கொண்டிருப்பாள். தேவநாதனுக்கு நெஞ்சு விரியும். பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டுகிறவளையே சூளை என்று சொல்லிவிட்டு உயிரோடு நிற்கிற ஆண்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள்! அடுத்த அரைமணியில் அவன் கோணிச் சாக்குக்குப் பின்னால் ஆட்டுக்காலை உறிஞ்சிக்கொண்டிருப்பான். இப்படி நாலு சனிக்கிழமை போயிற்று. ஐந்தாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"யாருங்க அந்த சேகரு?"

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த உருண்டை பாதி வழியில் நின்றது.

"எந்த சேகரு?"

"சனிக்கிழம ஆனாப் போயிப் பாக்கறீங்களே, அவருதான்."

சேகர் ஒரு பெட்டி என்று சொல்லலாம். ஒரு பெட்டியை வாராவாரம் எதற்குக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போய்ப் பார்க்கிறாய் என்று கேட்பாள். தேவநாதன் உருண்டையைத் தட்டில் போட்டான்.

"அவரா... கம்பெனியில மேல இருக்கறவரு."

"மேஸ்திரியா?"

"மேஸ்திரிக்கு மேல."

"சூப்பர்வைசரா?"

"சூப்பர்வைசருக்கும் கொஞ்சம் மேல."

"அப்ப மொதலாளியா?"

"மொதலாளிக்குக் கொஞ்சம் கீழ."

"எந்த ஊரு?"

"திட்டக்குடி."

"பாக்க எப்படி இருப்பாரு?"

தேவநாதன் அண்ணாந்து கூரை ஓட்டைப் பார்த்தான். ஓடு உதவி செய்யவில்லை.

"ஒயரமா. செவப்பா. உள்ள என்ன இருக்குதுன்னு வெளிய காட்டிக்கவே மாட்டாரு."

"பெரிய மனுஷங்கதான். கல்யாணம்?"

"ஆயிடுச்சு. ரெண்டு கொழந்தைங்க."

தப்பித்தோம் என்று அன்றைக்கு இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டான். அதே நேரத்தில் அடுத்த வீட்டில் பக்கிரியின் பெண்டாட்டி பாஞ்சாலை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் தெரிந்தது.

"சேகரு கட்டையா, கருப்பா இருப்பாராமே? சேத்தியாத்தோப்பாமே? கல்யாணமே ஆவலையாமே? பக்கிரி அண்ணன் சொன்னாராம். பாஞ்சாலை சொல்றா."

"அது... அது வேற சேகரு."

"ரெண்டு சேகரா?"

"எங்க கம்பெனியில சேகருக்கா பஞ்சம்? வரிசையா அடுக்கி வெச்சிருக்குது."

உண்மையைச் சொல்லியும் வேர்த்துக் கொட்டியது அவனுக்கு வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் பக்கிரியும் அவனும் உட்கார்ந்து ஒரே சேகராகச் செய்துகொண்டார்கள். திட்டக்குடி, உயரம், சிவப்பு, இரண்டு குழந்தைகள். செய்து முடித்த பிறகு, சேகர் உபயோகமான ஆசாமியாக இருக்கிறாரே என்பதைத் தேவநாதன் கண்டுபிடித்தான். நல்லூரில் சொர்ணாம்பாளின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. போக இஷ்டமில்லை. "சேகர் லீவு தரமாட்டேங்கறாரு." பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். "சேகர் கூப்பிட்டுட்டாரு." கூரையில் ஓடு மாற்ற வேண்டும். "சேகருக்கு ஒடம்பு சரியில்ல, போயிப் பாக்கணும்." எல்லாவற்றுக்கும் சொர்ணாம்பாள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"சேகரே சொல்லிட்டாரா? அப்ப சரிங்க."

இங்கே தேவநாதனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கினால்கூட நாலு கேள்வி கேட்கிறவள், சேகர் விஷயத்தில் மட்டும் இவ்வளவு சுலபமாகத் தலையை ஆட்டுகிறாளே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆட்டுக்கால் புத்தியை மறைத்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. எழுபத்து மூன்றில் கம்பெனியில் பொம்மை செக்ஷன் ஆரம்பித்தார்கள். மயில், கிளி, தலையாட்டுகிற செட்டியார். அதற்கு வர்ணம் தீட்டப் பெண்கள் வேண்டும் என்று கேட்டில் தாள் ஒட்டியிருந்தது. தேவநாதன் பார்த்தான். பார்க்காதவன் போல வந்துவிட்டான். அதற்குள் சொர்ணாம்பாள் விண்ணப்பமே வாங்கிவிட்டிருந்தாள்.

அவள் கைக்கு வர்ணம் புதிதில்லை. வாசலில் அவள் கோலமாவில் ஒரு கிளி போட்டால் தெருப் பூனை வந்து சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்க்கும். அன்றைக்கு அவள் விண்ணப்பத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில் பேசினாள்.

"பதிமூணு வருஷமாப் போடறேங்க. எட்டு மணிக்குள்ள மிதிச்சு அழிச்சுடறாங்க. ஒரு பொம்மை மேல போட்டா நிக்கும்ல? யாரோ ஒருத்தர் வூட்டு அலமாரியில இருக்கும்ல? இதுல வூட்டுக்காரரு கையெழுத்து போடணுமாம்."

போட்டுவிடலாம் என்றுகூடத் தேவநாதன் ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணம் சூளை வாசல் கண்ணுக்கு முன்னால் வந்தது. இவள் உள்ளே வருவாள். யாராவது, "அந்த சேகரை இப்படித் தூக்கி வைடா" என்று கத்துவான். முடிந்தது. பாஷை போச்சு. பாஷை போனால் பாயா போச்சு. பாயா போனால் அப்புறம் மனிதனுக்கு என்ன இருக்கிறது, கத்தரிக்காயைத் தவிர?

"சேகர் ஒத்துக்க மாட்டாரு," என்றான்.

"கேட்டீங்களா?"

"கேக்கவே வேணாம். பொம்பளைங்க வேலைக்கு வரது அவருக்குப் பிடிக்காது."

சொர்ணாம்பாள் விண்ணப்பத்தை நாலாக மடித்தாள்.

"அப்ப நான் கொளஞ்சியப்பருகிட்டப் போயி சேகரு மேல பிராது கட்டிடறேன்."

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது விளையாட்டில்லை. இன்னார், இன்ன ஊர், எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று தாளில் எழுதிக் கட்டிவிட்டால், சாமியே இறங்கி விசாரிக்கும் என்று சுற்றுவட்டாரம் முழுக்க நடுங்கும். தேவநாதன் அந்த விசாரணையை மனதில் ஓட்டிப் பார்த்தான். சாமி பிராதை எடுத்துக்கொண்டு திட்டக்குடிக்குப் போகும். தெருத்தெருவாகத் தேடும். சேகர் இருக்கமாட்டார். சாமி யோசிக்கும். யோசித்துவிட்டு நேராக ஜங்ஷனுக்குப் பின்னால் வந்து கோணிச் சாக்கை விலக்கும். உள்ளே, மூணு வருஷம் தொடமாட்டான் என்று யார் பேரில் வேண்டுதலோ அவன், இரண்டு கையாலும் எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"அவசரப்படாத. நான் பேசிப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் ஓடினான்.

பக்கிரி ஒரே வார்த்தையில் வழி சொன்னான். "செத்துட்டாருன்னு சொல்லிடு."

"திட்டக்குடிக்குக் காரியத்துக்குப் போவணும்பாய்யா. மாலை வாங்கிக்கிட்டுப் பஸ்ஸுல ஒக்காந்துடுவா."

"அப்ப மாத்தல் பண்ணிடு. ராணிப்பேட்டைக்கு. அங்கயும் ஜாடி செய்யறாங்க. சாமி அவ்வளவு தூரம் போவாது."

அன்று சாயங்காலமே சேகருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

"ஐயோ பாவமே," என்றாள் சொர்ணாம்பாள். "கொழந்தைங்க படிப்பு என்ன ஆவறது?" உடனே மடித்த தாளைப் பிரித்தாள். "அப்ப இனிமே தடை சொல்ல ஆளில்ல. கையெழுத்துப் போடுங்க."

இதைத் தேவநாதன் எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். அங்கேதான் மோசம் போனான்.

"போறப்பக்கூட அதத்தான் கண்டிச்சு சொல்லிட்டுப் போனாரு. யாரை வேணும்னாலும் சேர்த்துக்க, சொர்ணாம்பாளை மட்டும் உள்ள விடாதன்னுட்டாரு."

"எம் பேரு சொல்லியா?"

"பேரு சொல்லித்தான்."

அவள் அவனை நன்றாக ஒருமுறை பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை மதியம் வழக்கம்போல் இருவரும் கோணிச் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சேகரின் பிரிவை இரண்டு கிண்ணம் பாயாவோடு கொண்டாடினார்கள். வெற்றிலையைக் குதப்பி வாடையை மறைத்துக்கொண்டு தேவநாதன் வீடு திரும்பும்போது மணி நாலு.

கூடத்தில் மடக்கு நாற்காலி விரித்திருந்தது. விருந்தாளி வந்தால்தான் அது விரியும். பக்கத்தில் காபி குடித்த டம்ளர். கொல்லையில் சாப்பிட்ட வாழையிலை ஒன்று மடித்துக் கிடந்தது.

"ஒரு பத்து நிமிஷம் முன்னால வந்திருக்கக் கூடாதா?" என்றபடி சொர்ணாம்பாள் வந்தாள். "சேகர் வந்துட்டுப் போனாரு."

தேவநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எ... எந்த சேகரு?"

"ஒயரமா, செவப்பா. நீங்க சொன்னது அச்சு அசல். ராணிப்பேட்டையிலேருந்து பஸ்ஸுல வந்தாராம். பாவம், முழங்கால் வலியாம் அவருக்கு."

"சேகர் எப்படி வருவாரு?"

"ஏன், ஏன் வரமாட்டாரு?"

பதில் அவன் நாக்கு நுனியில் இருந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது. இவ்வளவுதான். சொல்லிவிட்டால், பின்னே சனிக்கிழமை தவறாமல் யாரைப் பார்த்தாய் என்பாள். இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வயிற்றிலிருந்து எழுந்து வந்து சாட்சி சொல்லும். தேவநாதன் பதிலை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கினான்.

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல ஒங்களப் பத்தித்தான் பேசினாரு."

"என்னான்னு?"

"நீங்களும் பக்கிரி அண்ணனும் எங்க ஒக்காருவீங்க, என்ன பேசுவீங்க, என்ன..." அவள் நிறுத்தினாள். "அதெல்லாம் ஆம்பளைங்க விஷயம். நான் தோண்டித் துருவிக் கேக்கல. கேக்கலாமா?"

"வேணாம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அடுத்த வாரம் வந்து மீதியைச் சொல்றேம்மான்னாரு."

"வர வேணாம்!"

"வூடு தேடி வரவங்களை எப்படிங்க வேணாங்கறது? அப்புறம் இந்த வேலை விஷயத்தைக் கேட்டேன். 'நானாம்மா சொன்னேன்? ஒம் பேரு சொல்லியா சொன்னேன்?'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு மனுஷன். 'தேவநாதன் ஏதோ மறதியில மாத்திச் சொல்லியிருப்பான். அவன் வந்ததும் ஒடனே கையெழுத்துப் போடச் சொல்லு. போட்டுட்டா நான் எதுக்கு அடுத்த வாரம் அவ்வளவு தூரத்துலேருந்து வரப்போறேன்'னாரு. இந்தாங்க, பேனாவைக்கூட வெச்சுட்டுப் போயிட்டாரு."

நீல நிறப் பேனா. தேவநாதன் அதை முன்னே பின்னே பார்த்ததில்லை. தொடவே பயமாக இருந்தது.

கொல்லைக்கு ஓடினான். சுவருக்கு அப்பால் பக்கிரி ஏற்கெனவே வெளிறிப்போய் நின்றிருந்தான்.

"யோவ், நீ யாரையாவது அனுப்பினியா?"

"நானா? நீ அனுப்பினதா நெனச்சுல்ல நிக்கறேன். பாஞ்சாலையும் பாத்தாளாம்யா. ரசத்துக்கு ரெண்டாந்தரம் சோறு வாங்கிக்கிட்டாராம்."

"இல்லாத ஆளு எப்படிய்யா ரெண்டாந்தரம் வாங்குவான்?"

பக்கிரி குரலைத் தாழ்த்தினான். "தேவநாதா, ஒருவேளை நெஜமாவே ஒருத்தன் இருக்கானோ?"

தேவநாதன் நாதியற்றுப் போய்ச் செங்கல் சுவரின் மேல் தலையை வைத்துக்கொண்டான். தான் பெற்ற பொய் தன் வீட்டிலேயே உட்கார்ந்து, தன் நாற்காலியில் சாய்ந்து, தன் பெண்டாட்டி கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் ராணிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி. யாரிடம் போய் முறையிடுவது? சேகர் மேல் இவன்தான் இனிமேல் பிராது கட்டவேண்டும்.

உள்ளே போனான். பேனாவை எடுத்தான். கையெழுத்து, அடிபட்ட பூரான் மாதிரி தாளின் குறுக்கே ஊர்ந்தது.

அடுத்த வாரம் பொம்மை செக்ஷனில் எட்டுப் பெண்களைச் சேர்த்தார்கள். சொர்ணாம்பாளும் ஒருத்தி, பாஞ்சாலையும் ஒருத்தி. முதல் நாள் சூப்பர்வைசர் ஜெயராஜ் எல்லாரையும் கம்பெனி சுற்றிக் காட்ட அழைத்து வந்தார். சூளை வாசலில் தேவநாதன் ஒரு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கீழே வைக்கத் தெம்பில்லை.

"இது என்னா தெரியுமாம்மா?" என்றார் ஜெயராஜ், சுடாத கிண்ணம் ஒன்றைக் காட்டி. ஏழு பெண்கள் விழித்தார்கள்.

"பச்சைங்க சார்," என்றாள் சொர்ணாம்பாள்.

ஜெயராஜ் புருவத்தைத் தூக்கினார். "இது?"

"கோனு. சாஞ்சாத்தான் சூடு முழுசா ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

"இந்த வாளியில இருக்கறது?"

"கிளேசு சார். அடியில எந்த மண்ணு இருந்தாலும் தெரியாம மறைச்சுடும்."

கடைசியாக ஜெயராஜ் அந்த மண்பெட்டியின் மேல் கையை வைத்தார். சுற்றி நின்ற அத்தனை ஆண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பக்கிரி ஓர் அச்சுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"சாகருங்க சார்," என்றாள். "இங்க எல்லாரும் சேகர்னு சொல்வாங்க. ஒரு தடவை எங்க வூட்டுக்குக்கூட வந்துட்டுப் போயிருக்காரு."

சூளை வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. ஜெயராஜுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"எங்க வூட்டுக்காரருதான் சார். ரெண்டு வருஷமா வாரம் தவறாம கொல்லையில நின்னு சத்தம் போட்டுச் சொல்லிக் குடுத்தாரு."

ஜெயராஜ் நேராக வந்து தேவநாதனின் முதுகில் தட்டினார். "பாத்துக்குங்கடா. இவன்தான் ஆம்பளை. வேலையைப் பத்தி வூட்டுல பேசறவன் இந்தக் கம்பெனியில இவன் ஒருத்தன்தான்." தட்டின தட்டில் கையிலிருந்த ஜாடி நழுவிக் கீழே விழுந்து நொறுங்கியது. அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். மணிமுத்தாற்றுப் பாலத்தின் நடுவில் தேவநாதன் நின்றான்.

"அப்ப... எல்லாம் தெரியுமா?"

"எதுங்க?"

"அந்த... சூளை?"

"நான்தானே அது?"

அவனுக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது. ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. அதற்கும் வழியில்லை.

"ஏன் சொர்ணா, அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீங்க வேற பாஷை கண்டுபிடிச்சிருப்பீங்க. அதை மறுபடியும் மொதல்லேருந்து கம்பெனிக்காரங்க வூட்டுல கேட்டுக் கேட்டு யாரு கத்துக்கறது?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நாலடி போனதும் நினைவு வந்தவள்போல் திரும்பினாள். "கொளஞ்சியப்பருகிட்டப் பேசிட்டேன். போன ரெண்டு வருஷம் செல்லாதாம். இன்னியிலேருந்து மூணு வருஷம்."

தேவநாதன் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தான். அன்று வீட்டில் கத்தரிக்காய்.

ஒரு மாதம் போயிற்று. ஜங்ஷன் பக்கம் தேவநாதனும் பக்கிரியும் தலைவைத்தும் படுக்கவில்லை. சொர்ணாம்பாள் தீட்டிய கிளியைப் பார்த்துவிட்டு முதலாளியே அதைத் தன் மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டார் என்று செக்ஷனில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது மட்டும் தேவநாதனுக்கு, ஏன் என்று தெரியாமல், கொஞ்சம் மார்பு நிமிர்ந்தது. பிறகு வழக்கம்போல் குனிந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் சொர்ணாம்பாள், அந்தப் பக்கம் பாஞ்சாலை. தேவநாதன் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தான்.

"செட்டியாரு எப்படி?" என்றாள் பாஞ்சாலை.

"தலை ஆடுது. கழுத்துக் கம்பி இன்னும் லூசாவணும்."

"மூக்குல செவப்பு ஏத்திட்டியா?"

"மூணு கை ஏத்திட்டேன். இன்னொரு கை ஏத்தினா கொரங்காட்டம் வால் மொளைச்சுடும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தபடியே ஒரே நேரத்தில் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் சிரித்தார்கள். தேவநாதன் பிழிந்த துணியைப் பிழிந்தபடியே நின்றான். சுவருக்கு மேலே பக்கிரியின் தலை மெல்ல எழுந்தது. என்னய்யா பேசறாளுங்க என்று கண்ணால் கேட்டான். தெரியலையே என்று இவன் கையை விரித்தான்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஈரக்கையோடு அவளிடமே வந்தான்.

"யாரு சொர்ணா அந்தச் செட்டியாரு? என்ன பேசிக்கறீங்க?"

"பொம்மை செக்ஷன் பேச்சுங்க அது," என்றாள் சொர்ணாம்பாள். "ஒங்களப் பத்திதான். ஆனா ஒங்களுக்குப் புரியாது."